அஞ்சலாட்சி திருப்பி வைக்காத செருப்பு

விழுப்புரத்தில் என் அக்கா வீட்டுக்குப் போனால், வாசலில் கால் வைத்ததும் மாமா பார்ப்பது என் முகத்தை அல்ல, என் பையைத்தான். பாண்டியிலிருந்து வெறுங்கையோடவா வந்தாய் என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். நான் கெங்கையம்மன் கோயில் குங்குமத்தை எடுத்து நீட்டுவேன். இருபது வருஷமாக அதே கேள்வி, அதே குங்குமம். எங்கள் ஊர்ப் பேர் அப்படி. பெண் கேட்டுப் போனாலும், பையன் பாண்டியா, அப்படியானால் குடிப்பானே என்பார்கள். முழுப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தெருவுக்குத் தெரு கடை இருப்பதை அம்மன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் அந்தப் பேர் ஊரோடு நிற்பதில்லை. வந்து போகிறவன் மேலும் ஒட்டிக்கொள்கிறது. செத்தவனையும் விடுவதில்லை. அஞ்சலாட்சிக்கு நடந்ததைக் கூட இருந்து பார்த்தவள் நான்.

அஞ்சலாட்சி எங்கள் எதிர் வீடு. ஊருக்குத் தெற்கே, நோணாங்குப்பம் ஆறு கடலில் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது எங்கள் குப்பம். எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு. ஒரே வருஷம்தான் இந்தத் தெருவுக்கு வாழ வந்தோம்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. படகு ஏறுகிற ஆண்கள் செருப்பைக் கரையிலே கழற்றிவிட்டுப் போவார்கள். கழற்றிய செருப்பு கடலைப் பார்த்துத்தான் கிடக்கும். வீட்டுப் பெண் போய் அதைக் கரை பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும். படகு அலையைத் தாண்டுவதற்குள் வைத்துவிட வேண்டும். போனவர்கள் திரும்பி வருவதற்கு அது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. என் மாமியார் செய்தார், நானும் செய்கிறேன்.

அஞ்சலாட்சியின் வீட்டுக்காரர் பாவாடை நல்ல தொழில்காரர். ஆனால் குடி. பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் குடித்துவிட்டே படகு ஏறினார். இவள் கோபத்தில் கரைப் பக்கமே போகவில்லை. வெயில் ஏறிய பிறகு போய்ப் பார்த்தபோது செருப்பு கடலைப் பார்த்தபடியே கிடந்தது. கூடப் போன மூன்று பேரும் வந்தார்கள், அவர் மட்டும் வரவில்லை. அன்றிலிருந்து, தான் செருப்பைத் திருப்பாததால்தான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. அதெல்லாம் அம்மன் எழுதினபடிதான் நடக்கும் என்று கோயிலைக் காட்டி எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டுவாள். அவ்வளவுதான்.

கொஞ்ச காலம் டவுனில் ஒரு சொல்தா வீட்டில், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர் வீட்டில், சமையல் வேலை செய்தாள். அவர் போன பிறகு கரையில் மீன் வறுவல் கடை போட்டாள். ஒரு தள்ளுவண்டி, ஒரு அடுப்பு, ஒரு பெஞ்சு. சனி ஞாயிறுகளில் வெளியூர்ப் பையன்கள் கூட்டம் கூட்டமாகக் குளிக்க வருவார்கள். செருப்பையும் பையையும் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவளிடம் விடுவார்கள். காசு வாங்க மாட்டாள். ஆனால் ஒரு கண்டிஷன் உண்டு. ஊதிக் காட்ட வேண்டும்.

குடித்த வாடை வந்தால் சாமானைத் தொட மாட்டாள். முதலில் உட்கார், மீன் தின்னு, அப்புறம் பார்க்கலாம் என்று பெஞ்சைக் காட்டுவாள். ஒரு நாள் சட்டையை மடித்துவிட்ட பெரிய மனிதர் ஒருவர், தான் யார் தெரியுமா என்று அதட்டினார்.

"தெரியும் சார். காலையிலேர்ந்து மூணாவது பாட்டில்" என்றாள்.

அவரே சிரித்துவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். அந்தப் பெஞ்சில் தூங்கியே எத்தனை உயிர் பிழைத்ததோ, அம்மனுக்குத்தான் தெரியும். வாடை இல்லாதவர்கள் செருப்பை மட்டும் வாங்கி, வண்டிக்குக் கீழே கரை பார்த்து வரிசையாக வைப்பாள்.

போன வருஷம் மாசி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கரையில் சத்தம் கேட்டு ஓடினேன். எங்கள் ஆண்கள் ஒரு பையனைத் தூக்கி வந்து மணலில் போட்டிருந்தார்கள். அவன் தண்ணீரைக் கக்கிக்கொண்டு கிடந்தான், வாயெல்லாம் சாராய நாற்றம். அவன் பேர் விமல்ராஜ் என்று கூட வந்த இரண்டு பேர் சொன்னார்கள். அவர்களும் நிற்க முடியாத நிலையில்தான் இருந்தார்கள். நாலாவது பையன் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில்தான் அவன் உடம்பு வடக்கே ஒதுங்கியது.

கரையில் இன்னொரு சாவு விழுந்தால் கடைகளை எடுத்துவிடுவோம் என்று போலீசில் அதற்கு முன்பே சொல்லியிருந்தார்கள். அதனால் யார் கேட்டாலும் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுங்கள் என்றார்கள் குப்பத்துப் பெரியவர்கள். போலீஸ்காரர் ஒவ்வொரு தள்ளுவண்டியாகக் கேட்டுக்கொண்டு வந்தார். அஞ்சலாட்சி சட்டியைப் பார்த்துக்கொண்டே, "நான் பாக்கல சார்" என்றாள். நானும் அதைத்தான் சொன்னேன். அம்மன் மன்னிக்கட்டும்.

ஒரு வாரம் கழித்து, அஞ்சலாட்சி வீட்டில் மீன் மடிக்கிற பழைய பேப்பரில் அந்தச் செய்தி கண்ணில் பட்டது. எனக்கு அஞ்சாவது வரைதான் படிப்பு. எழுத்துக் கூட்டி வாசித்தேன். பாண்டியில் மது போதையில் கடலில் இறங்கிய வாலிபர் பலி. பேர் வினோத்குமார், வயது இருபத்து நாலு, செஞ்சிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். ஊர்ப் பேரையும் போட்டிருந்தார்கள். வாசித்து முடித்து நிமிர்ந்தால் அஞ்சலாட்சி முகம் வெளுத்திருந்தது.

"அந்தப் புள்ள குடிக்கல பூவாயி" என்றாள்.

பிறகு எழுந்து போய், வீட்டு மூலையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து வைத்தாள். நீல வார். குதிகால் தேய்ந்தது.

நடந்தது இதுதான். மற்ற மூன்று பேரும் தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்க, இந்தப் பையன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தானாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அவனுங்களை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன், செருப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்றிருக்கிறான். ஊதச் சொல்லியிருக்கிறாள். போலீஸ் மாதிரி கேட்கிறீர்களே என்று சிரித்துக்கொண்டே ஊதியிருக்கிறான். அவிச்ச வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, அந்த வாசம்தான் வந்ததாம். சட்டியில் மீன் கருகிக்கொண்டிருந்தது.

"மீனத் திருப்பிட்டு செருப்பத் திருப்பலாம்னு இருந்தேன்" என்றாள். "நிமிர்ந்து பாக்குறேன், அந்த விமல்ராஜ அல சுருட்டுது. இவன் பாஞ்சி போறான். அவன எங்காளுங்க கைக்குத் தள்ளி வுட்டான். அதோட சரி. அப்பவும் செருப்பு கடலப் பாத்துத்தான் கெடந்துச்சி."

அதற்கு மேல் அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வாரத்திலிருந்துதான் ஆரம்பித்தது. செருப்பை அவள் வீட்டுக்குள்ளே, சுவர் பார்த்து வைப்பாள். காலையில் எழுந்தால் கடல் பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கும். எலி உருட்டியிருக்கும் என்றேன். எலி ஜோடியாகவா திருப்பி வைக்கும் என்று கேட்டாள். மேலே ஒரு கூடையைக் கவிழ்த்து அம்மிக்கல்லை ஏற்றினாள். காலையில் கல் அப்படியே இருந்தது. கூடையைத் தூக்கினால் செருப்பு திரும்பியிருந்தது.

நான் நம்பவில்லை. துக்கம் பிடித்தவள், தானே திருப்பி வைத்துவிட்டு மறந்துபோகிறாள் என்று நினைத்தேன். பங்குனியில் ஒரு நாள் உச்சி வெயிலில் அவள் கடைக்குப் போனேன். செருப்பைக் கூடவே எடுத்து வந்து பெஞ்சுக்குக் கீழே வைத்திருந்தாள். என் கையாலே அதைக் கரை பார்த்து வைத்தேன். மணல் கொதித்தது. அந்த நேரத்தில் கரையில் ஒரு ஈ காக்கை கிடையாது. இரண்டு பேரும் இருபது அடி தள்ளி இருக்கிற குழாயில் ஒரு குடம் பிடித்துக்கொண்டு வந்தோம்.

செருப்பு கடலைப் பார்த்திருந்தது. வார் இரண்டும் ஈரமாக இருந்தன. பாதம் பதிகிற பள்ளத்தில் தண்ணீர் நின்றது. தண்ணீர் என்றால் கடல் தண்ணீர், ஓரத்தில் நுரை. அலை வந்து போகிற இடம் அங்கிருந்து ஐம்பது அடி. நடுவில் மணல் காய்ந்து கிடந்தது, ஒரு சுவடு இல்லை. மல்லாட்டை அவிக்கிற வாசம் வந்தது. எங்கள் கரையில் அதை விற்கிறவர்கள் யாரும் இல்லை. நான் அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டே நின்றேன்.

கோயிலில் பூசாரியைக் கேட்டோம். கடலில் போனவன் சாமான், கடலிலே விட்டுவிடுங்கள் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, என் வீட்டுக்காரர் படகில் கொடுத்து அனுப்பினோம். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் போட்டதாக வந்து சொன்னார்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு செருப்பு வந்து ஒதுங்கியது, அஞ்சலாட்சியின் பெஞ்சுக்கு நேராக. ரப்பர் செருப்பு மிதந்து வரும்தான், அதில் ஒன்றும் இல்லை என்றார் என் வீட்டுக்காரர். சாயங்காலம் மற்றதும் வந்தது. அதே இடம். குங்குமம் அழியவே இல்லை.

அஞ்சலாட்சி இரண்டையும் முந்தானையால் துடைத்தாள்.

"கடலு வேணாங்குது. அவனுக்கு வீட்டுக்குத்தான் போவணும்" என்றாள். "குடிகாரன்ற பேரோட எப்பிடி வீட்டுக்குள்ள போவான், சொல்லு?"

சித்திரை பிறந்த மறுவாரம் புறப்பட்டோம். போய்ச் சொன்னால் நீ போலீசிடம் பொய் சொன்னது தெரிந்துவிடும், கடை போய்விடும் என்று குப்பத்தில் பயமுறுத்தினார்கள். போகட்டும் என்றாள். என்னை வா என்று கூப்பிடவில்லை. நானாகத்தான் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நானும் பொய் சொன்னவள்தானே.

எல்லை தாண்டியதும் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். இளம் போலீஸ்காரர் ஒருவர் ஏறி ஒவ்வொரு பையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அஞ்சலாட்சி மடியில் இருந்த பேப்பர் பொட்டலத்தைத் தட்டிப் பார்த்தார்.

"என்னாமா, எத்தன பாட்டிலு?"

"செருப்பு சார்."

"பாண்டிக்குப் போயி செருப்பு வாங்கிட்டு வர மொத ஆளு நீதான்" என்றார். பஸ்ஸே சிரித்தது.

அவர் பொட்டலத்தைப் பிரித்தார். வீட்டில் துடைத்து, வெயிலில் காயவைத்து, நான்தான் அதை மடித்துக் கொடுத்திருந்தேன். பிரித்த பேப்பரிலிருந்து ஈர மணல் அவர் பூட்சின் மேல் பொத்தென்று விழுந்தது. ஒரு பிடி இல்லை, இரண்டு கை அள்ளுகிற மணல். அவர் செருப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். தானே மடித்து, அவள் மடியில் இரண்டு கையாலும் வைத்துவிட்டு இறங்கிப் போனார். எங்களுக்குப் பின்னால் இருந்த பைகளை அவர் பார்க்கவே இல்லை.

அந்த ஊரில் இறங்கி வினோத்குமார் வீடு எது என்று கேட்டதும், வழி சொன்ன பெண், பாண்டியில் குடித்துச் செத்த பையன் வீடா என்று திருப்பிக் கேட்டாள். வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டு அவன் அப்பா சுப்பராயன் உட்கார்ந்திருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். பாண்டி என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா செல்வாம்பாள் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். சுவரில் படம் மாட்டியிருக்கும் என்று பார்த்தேன், இல்லை. குடித்துச் செத்தவன் படம் என் வீட்டில் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டாராம். அந்த அம்மா அதை நெல் குதிருக்குள் வைத்திருந்தாள்.

அஞ்சலாட்சி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஊதச் சொன்னது, மீனைத் திருப்பியது, அவன் பாய்ந்தது, தான் போலீசிடம் பொய் சொன்னது வரை. எதையும் குறைக்கவில்லை. பெரியவர் திரும்பவே இல்லை. காதில் விழுகிறதா என்றே தெரியவில்லை.

அவிச்ச மல்லாட்டை வாசம் என்று அவள் சொன்னபோது செல்வாம்பாள் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில நான்தான் அவிச்சி டப்பால போட்டுக் குடுத்தேன்" என்றாள். "வழியில தின்னுடான்னேன். மதியானம் வரைக்கும் வச்சி தின்னுருக்கான் பாரேன்."

அப்போதுதான் பெரியவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இத டீக்கடையில வந்து சொல்லுவியாமா?" என்று கேட்டார். இரண்டு மாசமாக அவர் அந்தப் பக்கம் போனதில்லையாம்.

டீக்கடையில் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். அஞ்சலாட்சி மறுபடி முதலிலிருந்து சொன்னாள். கேட்டு முடித்ததும் ஒருவர், அதெல்லாம் சரி, பேப்பரில் போட்டிருக்கிறதே என்றார்.

"பேப்பர்காரன் ஊதச் சொன்னானா? நான் சொன்னேன்."

"பாண்டிக்காரி பேச்ச நம்பச் சொல்றியா?" என்று பெஞ்சின் கோடியிலிருந்து இன்னொருவர் கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அஞ்சலாட்சிக்குக் கோபம் வரவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எங்க ஊரு குடிகார ஊருதான். இல்லன்னு சொல்லல. எம் புருசனையே அதுக்குக் குடுத்தவ நானு" என்றாள். "ஆனா சனி ஞாயிறு என் பெஞ்சில வுழுந்து கெடக்குறது எந்தெந்த ஊருன்னு எனக்குத் தெரியும். எங்கிட்ட ஊதுன மொகம் எனக்கு மறக்காது. இங்கயே ரெண்டு இருக்கு. சொல்லட்டுமா?"

மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பையன் கிளாசைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். அலையிலிருந்து பிழைத்த விமல்ராஜ், அதே ஊர்க்காரன்தான். எனக்கும் அவனை அடையாளம் தெரிந்தது. பெரியவர் கடை வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அவன் அவர் முகத்தைப் பார்க்காமல், தலையை மட்டும் ஆமாம் என்று ஆட்டிவிட்டு, அவர் ஓரமாக நுழைந்து போய்விட்டான். அந்தத் தலையாட்டலைக் கடையே பார்த்தது. டீக்கடைக்காரர் பெரியவருக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தார். அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

மறுநாளே ஸ்டேஷனிலும் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அஞ்சலாட்சி அவரிடம் சொன்னாள். சொன்னபடி போனாள். எழுதி வாங்கிக்கொண்டார்கள். கடையை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். இப்போது எங்கள் தெரு முனையில்தான் மீன் வறுக்கிறாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மதியமானால் அடுப்பை அணைத்துவிட்டுக் கரைக்குப் போய், வருகிற பையன்களை நிறுத்தி ஊதச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்கு டீக்கடையிலிருந்து அவர்கள் வீட்டுக்குத் திரும்பியதும் செல்வாம்பாள் குதிரிலிருந்து படத்தை எடுத்து வந்தாள். பெரியவர் ஆணி அடித்தார். அவள் செருப்பை வாங்கி, வாசல்படியில் அவருடைய செருப்புக்குப் பக்கத்தில், வீட்டைப் பார்த்து வைத்தாள். எங்கள் வழக்கத்தை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

புறப்படும்போது தண்ணீர் கேட்டு நான் நிலைப்படியில் நின்றேன். வெளியே வெயில். உள்ளே சிமெண்ட் தரை, காலையில் துடைத்துக் காய்ந்த தரை. அந்த ஊருக்கும் கடலுக்கும் பஸ்ஸிலேயே இரண்டு மணி நேரம் ஆகும். நிலைப்படிக்கு உள்ளே, ஈரப் பாதம் ஒன்று பதிந்திருந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. அப்படியே அடுப்படி வரை போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை. அடுப்படியில் செல்வாம்பாள் முதுகைக் காட்டிக்கொண்டு சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதங்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன.

திரும்பும்போது கண்டக்டர், பாண்டிக்கு ரெண்டா, சரக்குக்கா என்று கேட்டுக்கொண்டே சீட்டைக் கிழித்தார். அஞ்சலாட்சி வீட்டுக்கு என்றாள். பாண்டி எல்லையில் கோரிமேடு வந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"அந்த வீட்டுக்குள்ள நீ எதனா பாத்தியா பூவாயி?"

"பாக்கல" என்றேன்.

"நானும் பாக்கல" என்றாள். காலைத் தூக்கி சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டு, அத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாக என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.